ஸ்கேன் ஒன்று, பிள்ளைகள் இரண்டு

உதயகலாவைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளியைச் சண்டிலிப்பாய் முழுக்கத் தேடினாலும் உங்களால் பிடிக்க முடியாது. காஸ் அடுப்பை நிறுத்திவிட்டு மூன்று தரம் தொட்டுப் பார்ப்பாள். படலையைப் பூட்டிக்கொண்டு சந்தி வரைக்கும் போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வானம் கொஞ்சம் இருட்டினால் போதும், மழை வருகிறதோ இல்லையோ, வீட்டிலுள்ள அத்தனை பிளக்கும் கழன்றுவிடும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கணவன் குகதாசன் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்தப் பயந்தான் அவளுக்குச் சோறு போட்டது.

வயது முப்பத்தேழு. பதின்மூன்று வருடமாக இணையத்தளங்களுக்கு புரோகிராம் எழுதுகிறாள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மேல்மாடியில் ஐந்து பேரை வைத்து றமேஸ் என்பவர் நடத்தும் சின்ன நிறுவனம். அதற்கு அவள் வீட்டு முன்னறையில் இருந்தபடியே வேலை செய்து கொடுக்கிறாள். எழுதியதை ஒன்றுக்குப் பத்துத் தரம் சோதிப்பாள். ஆரும் இதில் தமிழில் பெயர் போட்டால் என்னாகும், வயதுக்குப் பதிலாக ஊரை எழுதினால் என்னாகும், பாதியில் கரண்ட் போனால் என்னாகும் என்று கிடந்து யோசிப்பாள். "உதயகலா பார்த்து விட்டதெண்டால் பிறகு ஆரும் பார்க்கத் தேவையில்லை" என்று றமேஸ் வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பார். அந்தப் பேச்சும் அவளுக்குப் பயமாகத்தான் இருக்கும்.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பயத்தை மிஞ்சிக் கோபம் வரும். அவளுடைய அப்பா கனகரத்தினம் வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். ஒரு மாரிக்கு வெள்ளம் வந்து தோட்டத்தை அள்ளிக்கொண்டு போக, நட்டஈட்டுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். மனிசன் கடதாசியைப் படம் எடுத்து ஏற்றப் பார்த்தார். "அளவு கூட" என்றது. சின்னதாக்கி ஏற்றினார். "இந்த வகைக் கோப்பு ஏற்கப்படமாட்டாது" என்றது. வகையை மாற்றினால் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாதாம். நாலாம் நாள் திகதியும் முடிந்துவிட்டது. எழுபது வயது மனிசன் படம் ஏற்றப் போன கடையின் வாங்கிலில் குந்தியிருந்து அழுதார். ஏன் ஐயா, ஒரு கடதாசியைக் கை நீட்டி வாங்குவதற்கு இவ்வளவு எடுப்பு எதற்கு? கந்தோரில் மேசைக்குப் பின்னாலிருந்து விரட்டினது போதாதென்று கண்ணாடித் திரைக்குப் பின்னாலிருந்தும் விரட்டுகிறார்கள். அன்றைக்கு உதயகலா சொன்னாள்: "நான் செய்யிற இணையப் பக்கத்திலை ஒருத்தரையும் இப்பிடித் திருப்பி அனுப்பமாட்டன்."

அவள் சொன்னபடி செய்து காட்டுவதற்கு ஒரு நல்ல வேலையும் வந்தது. பிஞ்சு நெஞ்சம் நிலையம் என்று ஒன்று. இதயத்தில் கோளாறு உள்ள ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறவர்கள். தலைவர், இளைப்பாறிய டொக்டர் தியாகராசா. தாய்தகப்பன்மார் பிள்ளையின் எக்கோ ரிப்போட்டை, அதாவது இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்து எழுதித் தருகிற கடதாசியை, இணையத்தில் ஏற்றவேண்டும். கொழும்பிலிருக்கிற சத்திரசிகிச்சை நிபுணர் எல்லாவற்றையும் பார்த்து மூன்று மாதத்துக்கு ஆறு பிள்ளைகளைத் தெரிவுசெய்வார். அந்த ஆறு பேரையும் நிலையத்தின் வான் வண்டி கொழும்புக்கு ஏற்றிப் போகும். வான் ஏறாத பிள்ளைக்கு முறை வர வருடக்கணக்காகலாம்.

உதயகலா பயன்படுத்தும் பிறேம்வேர்க், அதுதான் இணையத்தளம் கட்டுவதற்கு ஆயத்தமாகக் கிடைக்கிற சட்டகம், இந்த விஷயத்தில் நல்ல இளக்கமானது. என்ன வகைக் கோப்பை வாங்குவது, எவ்வளவு பெரிதை வாங்குவது, எங்கே வைப்பது, என்ன பெயரில் வைப்பது, எல்லாம் எழுதுகிறவர் விருப்பம். அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள். போனில் எடுத்த படமா, வா. வட்ஸ்அப்பில் வந்ததா, நீயும் வா. தலைகீழாக எடுத்தாயா, நான் நிமிர்த்துகிறேன். பெரிதாக இருக்கிறதா, நான் சுருக்குகிறேன். டொக்டருக்குக் கிறுக்கல் எழுத்தில் பெயர் தேடுகிற கரைச்சல் வேண்டாமென்று, ஒவ்வொரு ரிப்போட்டுக்கும் மேலே பிள்ளையின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டாள். ஒரு சிவப்பு எழுத்தும் இல்லை. டொக்டர் தியாகராசா கூட்டத்தில் எழும்பி நின்று கை தட்டினார்.

பிறகு அளவெட்டிக்குப் பொறுப்பான ஞானாம்பிகை ரீச்சர் ஒரு குறை சொன்னார். நிலையத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒருவர் பொறுப்பு. அந்த ஊர்ப் பிள்ளைகளின் கடதாசிகளைப் பார்த்துச் சரிபிழை சொல்வது அவர் வேலை. "எங்கடை ஊருக்காறற்றை எல்லாம் ஒரு பெட்டியிலை கிடக்கோணும் பிள்ளை. உது நம்பர் நம்பராய்க் கிடக்கு, எனக்கு விளங்கேல்லை. கோப்பின்ரை பேரையும் மாத்தாதையும், அவையள் வைச்ச பேரே இருக்கட்டும்." சட்டகம் தன் வழக்கப்படி ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இலக்கம் போட்டுத் தனித்தனிப் பெட்டி வைக்கும். உதயகலா இரண்டு வரியை மாற்றி, ஊருக்கு ஒரு பெட்டி ஆக்கி, கோப்பின் பெயரையும் ஏற்றியவர் வைத்தபடியே விட்டாள். தன் கோப்புகளையே ஏற்றிச் சோதித்தாள். வடிவாக வேலை செய்தது. அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் இருந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள் இதை ஒருதரம் கூட இழுத்துப் பார்க்கவில்லை. என்ன செய்வது, ஆனைக்கும் அடி சறுக்கும்.

பங்குனி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை, காலை ஒன்பதரை இருக்கும். உதவி வேண்டியவர்களுக்கென்று இணையப் பக்கத்தில் அவளுடைய நம்பரைப் போட்டிருந்தாள். போன் அடித்தது. அளவெட்டியிலிருந்து கேதீஸ்வரி. கணவன் கட்டாரில், ஏழு வயது மகள் தர்சிகாவுக்கு இதயத்தில் ஓட்டை. மூன்று கிழமைக்கு முந்தி, ரிப்போட்டை ஏற்றத் தெரியாமல் தவித்தவளுக்கு உதயகலா அரை மணித்தியாலம் போனில் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, நீங்கள் நல்லாயிருக்கோணும் அக்கா!" கேதீஸ்வரியின் குரல் துள்ளியது. "ஓட்டை மூடிட்டுதாம்! தானாய் மூடிட்டுதாம்! ஒப்பிறேசன் தேவையில்லையெண்டு நிலையத்திலையிருந்து மெசேச் வந்திருக்கு. நான் வியாழக்கிழமையே மருந்தை நிப்பாட்டிப் போட்டன். அந்தக் கைச்சல் பாணியைக் குடிக்க அவள் பட்ட பாடு! இண்டைக்குப் பங்குனித் திங்களெல்லோ, அம்மனுக்கு நேர்த்தி வைச்சனான், பிள்ளை பாற்செம்பு எடுக்கிறாள். நாங்கள் இப்பத்தான் வெளிக்கிடுறம். உங்களுக்கும் ஒரு அருச்சினை செய்யிறன் அக்கா."

"நல்லது தங்கச்சி, நல்லது" என்று உதயகலாவும் சிரித்துக்கொண்டு போனை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை, ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு மில்லிமீற்றர். அன்றைக்குக் கேதீஸ்வரி அழுதழுது வாசித்துக் காட்டினாள், பன்னிரண்டு மில்லிமீற்றர் ஓட்டை என்று. அவ்வளவு பெரிய ஓட்டை மூடிவிட்டதென்று அந்த ரிப்போட்டைப் பார்த்து எப்படிச் சொல்வார்கள்? 'உனக்கு எல்லாத்துக்கும் பயம்' என்று தன்னையே பேசிக்கொண்டு கணினியைத் திறந்தாள்.

தர்சிகாவின் விண்ணப்பம். மேலே அவள் போட்ட பெரிய எழுத்தில் 'கே. தர்சிகா'. கீழே ரிப்போட். படத்தைப் பெருப்பித்தாள். மூலையில் கை எழுத்து: றஜிந்தன். ஆண். பதினான்கு மாதம். கடைசி வரியில், ஓட்டை தானாக மூடியுள்ளது, சிகிச்சை தேவையில்லை.

இது வேறு ஒரு பிள்ளை. அதே ஊர்ப் பிள்ளை. அந்தக் குழந்தையின் விண்ணப்பத்தைத் திறந்தாள். அதிலும் இதே படம். இரண்டுக்கும் ஒரே கோப்பு, ஒரே பெயர்: ஸ்கேன் 0001. முதலில் ஏறியது தர்சிகாவின் ரிப்போட்; ரீச்சர் பார்த்துச் சரியென்றதும் அதைத்தான். ஆறு நாள் கழித்து அதே பெயரில் குழந்தையின் ரிப்போட் வந்து, அதே பெட்டியில், அதற்கு மேலேயே உட்கார்ந்துவிட்டது. தர்சிகாவின் ரிப்போட் அழிந்தே போயிற்று. கொழும்பு நிபுணர் நாற்பது ரிப்போட் பார்க்கிற அவசரத்தில் பெரிய எழுத்துப் பெயரை நம்பி, கடைசி வரியை வாசித்து, முடிவைப் போட்டுவிட்டார். பெயரைப் பெரிதாகப் போட்டவள் ஆர்? இவள்தான்.

ஆனால் இரண்டு பேருக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது? அளவெட்டிச் சந்தியில் கொமினிக்கேஷன் வைத்திருக்கிற லெனாட்டுக்கு அடித்தாள். போட்டோக்கொப்பி, ஸ்கேன், போன் காட், எல்லாம் அங்கேதான். ஊரில் முக்கால்வாசிப் பேர் கடதாசி ஏற்றுவது அவரிடம் போய்த்தான்.

"லெனாட் அண்ணை, உங்கடை ஸ்கேனர் பேர் எப்பிடி வைக்கிறது?"

"அது தன்ரை பாட்டுக்கு ஒண்டு, ரெண்டு எண்டு போடும் தங்கச்சி. நான் பின்னேரம் கடை பூட்டேக்கை எல்லாத்தையும் அழிச்சுப் போடுவன். ஊராற்றை வருத்தம், ஊராற்றை காணி உறுதி எல்லாம் என்ரை கொம்பியூட்டரிலை கிடக்கப்படாதெல்லோ. அடுத்த நாள் திரும்ப ஒண்டிலையிருந்து துவங்கும். ஏன், ஏதும் பிரச்சினையோ?"

என்ன சொல்வது? நல்ல மனிசன். ஊரின் மானத்தைக் காப்பாற்ற அவர் அழித்தார். ஒருத்தரையும் திருப்பி அனுப்பக்கூடாதென்று இவள் திறந்துவிட்டாள். ரீச்சர் ஊருக்கு ஒரு பெட்டி கேட்டார். ஆரிலும் கெட்ட எண்ணமில்லை. ஆனால் மருந்து நிற்பாட்டி நாலு நாளான ஒரு பிள்ளை, பங்குனி வெயிலில், வெறுங்காலோடு, தலையில் செம்போடு நடக்கப் போகிறது.

கேதீஸ்வரிக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தாள். கோயிலுக்குப் போகிறவள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். ஏழு தரம் அடித்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் றமேஸுக்கு எடுத்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

றமேஸ் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "உதயகலா, பதறாதையுங்கோ. முதல்லை சத்தம் போடாமைத் திருத்துவம். அந்த அம்மாட்டை இன்னொருக்கா ரிப்போட்டை ஏத்தச் சொல்லுவம், ஏதோ நெற்வேர்க் பிழையெண்டு சொன்னால் போச்சு. ஏன் எங்கடை பேரைக் கெடுப்பான்?" என்றார்.

இவ்வளவு காலமும் றமேஸ் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவள். "பிள்ளை செத்துப்போனாலும் நெற்வேர்க் பிழையெண்டே சொல்லுவியள்?" என்று கத்தினாள். கத்தியது தானா என்று அவளுக்கே பயமாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, "றமேஸ் அண்ணை, அந்த ரெண்டு வரியை நீங்கள் திருத்துங்கோ. ஊர்ப் பெட்டி வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிப் பெட்டி, தனிப் பேர். வேறை ஆற்றை கோப்பு இப்பிடி மேலை ஏறிக் கிடக்கெண்டும் தேடுங்கோ. நான் அளவெட்டிக்குப் போறன்" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

ஸ்கூட்டியில் நாற்பதுக்கு மேல் ஓடாதவள் அன்றைக்கு எவ்வளவில் ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. தோட்டங்களுக்கு நடுவே போகிற றோட்டில் தார் வெயிலில் இளகிக் கிடந்தது. அதில் அந்தச் சின்னக் கால் நடக்குமே என்று நினைத்ததும் ஸ்கூட்டியை இன்னும் முறுக்கினாள். மாடு குறுக்கே வந்தது, வெட்டி ஓடினாள். 'ஒண்டும் நடந்திருக்காது' என்று ஒரு மனம் சொல்லும். 'நடந்திருந்தால்?' என்று மற்ற மனம் கேட்கும். நடந்திருந்தால் பொலிஸ் வரும், பேப்பரில் வரும், அப்பா தலை குனிவார். எல்லாம் வரட்டும். அம்மாளாச்சி, பிள்ளையை மட்டும் விட்டுவிடு. வேண்டுதல் வைக்கக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏற்றியதை எல்லாம் வாங்கி வைத்து, அதில் ஒன்றை அழித்தவள் அவள். அம்மன் எதற்குப் பொறுப்பெடுக்கவேண்டும்?

கோயிலுக்கு அரைக்கட்டைத் தூரம் இருக்கும்போதே நாதஸ்வரம் கேட்டது. அளவெட்டி மேளமென்றால் கேட்க வேண்டுமா? மற்ற நாளென்றால் நின்று கேட்டிருப்பாள். இன்றைக்கு அந்த மேளம், ஊர்வலம் வெளிக்கிட்டுவிட்டது என்று மட்டும் சொன்னது. பாற்செம்பு ஊர்வலம் வீதியை நிறைத்து வந்துகொண்டிருந்தது. மஞ்சள் சேலைகள், மஞ்சள் பாவாடைகள், நூறு நூற்றைம்பது செம்புகள். எந்தப் பிள்ளையென்று எப்படிக் கண்டுபிடிப்பது? தர்சிகாவை அவள் நேரில் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் ஏற்றிய படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள். ஸ்கூட்டியை வேலியில் சாய்த்துவிட்டுச் சனத்துக்குள் புகுந்தாள். "கேதீஸ்வரி! கேதீஸ்வரி!" என்று மேளத்துக்கு மேலால் கத்தினாள். சனம் திரும்பிப் பார்த்தது. விசரியென்று நினைத்திருக்கும்.

பிள்ளையை அவள் கண்டது ஊர்வலத்தின் வாலில். செம்பு தலையிலில்லை; தாய் வாங்கிப் பிடித்திருந்தாள். பிள்ளை மூன்று அடி நடப்பதும் நிற்பதுமாக வந்துகொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது.

"தங்கச்சி, பிள்ளையை இருத்துங்கோ. நடக்க விடாதையுங்கோ!"

"ஆர் நீங்கள்?"

"உதயகலா. காலமை கதைச்சன். ரிப்போட் ஏத்தின பக்கம் செய்தது நான்தான்."

கேதீஸ்வரியின் முகம் மலர்ந்தது. "ஐயோ அக்கா, நீங்களே வந்திட்டியளே! இவள் வெயிலுக்குக் களைச்சுப்போனாள். இன்னும் கொஞ்சத் தூரம்தான், ஒரு சுத்து..."

"ஓட்டை மூடேல்லை" என்றாள் உதயகலா. மெல்லச் சொல்லவேண்டுமென்று வழியெல்லாம் யோசித்து வந்தவளுக்கு வாயில் வேறு சொல் வரவில்லை. "டொக்டர் பார்த்தது வேறை பிள்ளையின்ரை ரிப்போட். உங்கடை பிள்ளையின்ரை ரிப்போட்டுக்கு மேலை அந்த ரிப்போட் ஏறி, இது அழிஞ்சுபோச்சு. நான் எழுதினதிலை பிழை. மருந்தை நிப்பாட்டியிருக்கக்கூடாது. பிள்ளையை உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

கேதீஸ்வரி சிரித்தபடியே நின்றாள். கேட்டது மனதில் ஏற நேரமெடுத்தது. பிறகு செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். "அம்மன் தந்ததை ஏன் நடுவீதியிலை வந்து பறிக்கிறியள்?" என்றாள். "நீங்கள் பொய் சொல்லுறியள். மெசேச் வந்தது. நான் நூறு தரம் வாசிச்சனான்."

"நான் பொய் சொல்லேல்லை, கேதீஸ். பன்ரெண்டு மில்லிமீற்றர் எண்டு நீங்கள்தான் எனக்கு வாசிச்சனீங்கள்."

அந்தக் கணக்கைக் கேட்டதும் தாய் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். நாலு நாளாக அவள் பார்த்தது சுகமான பிள்ளையை. இப்போதுதான் அந்த உதட்டைக் கண்டாள். கண்டதும் செம்பு கையை விட்டுப் போனது. பால் வீதியில் ஓடியது. "என்ரை அம்மாளாச்சி!" என்ற அலறலில் தவிற்காரர் கையை நிறுத்தினார். யாரோ ஓட்டோவைக் கூப்பிட்டார்கள். பிள்ளை அழவில்லை. "அம்மா, நான் இன்னும் சுத்தி முடிக்கேல்லை" என்று மட்டும் மூச்சுக்கு நடுவே சொன்னது. அதைக் கேட்ட உதயகலாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் என்ன என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கட்டிலில் போட்டு ஒட்சிசன் வைத்தார்கள். நிறுத்தின மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். வெளியே ஒரு வாங்கிலின் இந்தத் தலைப்பில் உதயகலா, அந்தத் தலைப்பில் கேதீஸ்வரி. முக்கால் மணித்தியாலம் கழித்து இளம் டொக்டர் ஒருவர் வந்து, "இப்ப பயமில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஒப்பிறேசனைத் தள்ளிப்போட ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உதயகலா டொக்டர் தியாகராசாவுக்கு எடுத்தாள். மூன்றாம் தரமாகச் சொல்லும்போது பிழை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. மறுமுனையில் கிழவர் இடி போல் இடித்தார்.

"பிள்ளை, நீர் என்ன காரியம் செய்து வைச்சிருக்கிறீர்? பிள்ளையளின்ரை உசிரை நம்பி உம்மட்டைத் தந்தம். ஆறு பேற்றை லிஸ்றும் முடிஞ்சுது. நாளையிண்டைக்கு வான்."

"ஓம் டொக்டர். என்ரை பிழைதான். என்னை என்னவும் செய்யுங்கோ. இந்தப் பிள்ளையின்ரை ரிப்போட்டை மட்டும் கொழும்பு நிபுணர் ஒருக்காப் பார்க்கோணும்."

"அவர் ரெண்டு மணிக்கு ஒப்பிறேசன் தியேட்டருக்குள்ளை போயிடுவார். அதுக்கு முன்னம் நான் கதைச்சுப் பார்க்கிறன். ரிப்போட் எங்கடை இணையப் பக்கத்திலை இருக்கோணும். வட்ஸ்அப்பிலை அனுப்பிற ஒண்டையும் அந்த மனிசன் பார்க்கமாட்டார்."

மணி ஒன்று பத்து. றமேஸிடமிருந்து மெசேச் வந்திருந்தது: 'திருத்தியாச்சு. இப்பிடி மேலை ஏறினது இன்னும் பதினொரு பேற்றை. அவையள் அடுத்த தரத்துக்கு விண்ணப்பிச்சவை, இன்னும் முடிவு போகேல்லை.' பதினொன்று! அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரிப்போட்டின் மூலக்கடதாசி தாயிடம்தான் இருந்தது. அம்மன் காலடியில் வைத்து எடுக்கவென்று அருச்சனைத் தட்டில் கொண்டு போயிருந்தாள். குங்குமம் பட்டு ஓரம் சிவந்திருந்தது. கேதீஸ்வரி அதை நீட்டினாள். கையை விடவில்லை.

"எனக்கு முன்னாலை ஏத்துங்கோ" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

உதயகலா வாங்கிலில் கடதாசியை விரித்துப் படமெடுத்தாள். முதல் படம் கலங்கிப்போனது. இரண்டாவது தெளிவாக வந்தது. தான் எழுதிய பக்கம், தான் வைத்த பொத்தான். ஆயிரம் தரம் அமத்திப் பார்த்த பொத்தான். விரல் போக மறுத்தது. றமேஸ் திருத்தியதை அவள் இன்னும் ஒருதரமும் சோதிக்கவில்லை. அமத்தினாள். 'கிடைத்தது' என்று வந்தது.

"திறவுங்கோ."

திறந்தாள்.

"உள்ளை இருக்கிற பேரை வாசியுங்கோ. மேலை நீங்கள் போட்ட பேரை இல்லை."

"தர்சிகா. பெண். ஏழு வயசு. ஓட்டை பன்ரெண்டு மில்லிமீற்றர்." உதயகலா வாசித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு காத்திருந்த நேரம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்ல? சுவரில் மணிக்கூடு இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை, அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று நாற்பது. ஒன்று ஐம்பது. உள்ளே பிள்ளை இருமியது. இருவரும் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் இருந்தார்கள். ஒன்று ஐம்பத்தாறுக்குப் போன் அடித்தது.

"ஏழாவதாய்ச் சேர்த்திருக்கிறார்" என்றார் டொக்டர் தியாகராசா. "எங்கடை வான் வேண்டாம், அம்புலன்சிலை போகட்டும். இந்த டொக்டர்மாரோடை நான் கதைக்கிறன். நீர் அந்தத் தாயைப் பக்குவமாய்ப் பாரும். மிச்சம் நாளைக்குக் கூட்டத்திலை கதைப்பம்." கூட்டத்தில் என்ன கதைப்பார்கள் என்று உதயகலாவுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னாள். சொல்லி முடிக்கமுதல் அழுகை வந்துவிட்டது. வாங்கில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதாள். கேதீஸ்வரி அழவுமில்லை, தேற்றவுமில்லை. கடதாசியை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். உள்ளே போக எழும்பியவள் கதவடியில் நின்றாள்.

"அந்த மற்றப் பிள்ளையின்ரை ரிப்போட்?"

"எது?"

"அந்தக் குழந்தைப்பிள்ளையின்ரை. அது இப்பவும் கிடக்கோ? இல்லாட்டி இப்ப என்ரை பிள்ளையின்ரை போய் அதுக்கு மேலை ஏறியிட்டுதோ?"

உதயகலாவுக்கு அழுகை நின்றுபோயிற்று. பதின்மூன்று வருடம் வேலை செய்தவளுக்கு அது தோன்றவில்லை. அவசரமாகப் போனைத் துடைத்து, றஜிந்தனின் விண்ணப்பத்தைத் தேடினாள். பக்கம் திறக்க நேரமெடுத்தது. கடைசியில் படம் வந்தது. மூலையில் கை எழுத்து. ஆண், பதினான்கு மாதம்.

"கிடக்கு" என்றாள்.

கேதீஸ்வரி திரும்பி வந்து போனைத் தன் கையில் வாங்கினாள். அந்தக் குழந்தையின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தாள். பிறகு போனைக் கொடுத்துவிட்டு மகளிடம் போனாள்.